பேச்சியக்கா கேட்ட கடைசிப் பக்கம்

பேச்சியக்கா போய்விட்டார்.

காலையில் அம்மா போனில் சொன்னாள். பாலக்காட்டு ஹாஸ்டலில் இருந்து கிளம்பி, பொள்ளாச்சி தாண்டி, மூணாறு பஸ்ஸில் உட்கார்ந்து இதை டைப் செய்கிறேன்...

சூரியநெல்லி தேயிலை எஸ்டேட்டில், எங்கள் லயத்தில் பக்கத்து வீடு. அம்மாவோடு ஒரே காட்டில் கொழுந்து எடுத்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நான் படித்த முதல் நாற்பது புத்தகங்களாவது அவர் பெயரில் எடுத்தவைதான்.

எங்கள் வாயனசாலையில், அதாவது ஊர் நூலகத்தில், பெரியவர்களுக்குத்தான் மெம்பர் கார்டு. தமிழுக்கு ஒரே ஒரு ராக், மற்றதெல்லாம் மலையாளம். "நமக்கு எதுக்குட்டி அதெல்லாம்" என்று அம்மா கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டாள். பேச்சியக்கா வந்து கைநாட்டு வைத்தார்.

ஒரே ஒரு கண்டிஷன். "எம் பேர்ல எடுக்குத புஸ்தகம். எனக்கு வாசிச்சுக் காட்டிட்டுத்தான் திருப்பிக் குடுக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை அவர் விறகு கொத்துவார், நான் வாசிப்பேன். மலை, மேகம் என்று வர்ணனை வந்தால் போதும்... "அதத்தான் தெனமும் பாக்கோம்லா. ஆளு என்ன ஆனான்னு சொல்லு." இன்றைக்கும் வர்ணனை இரண்டு வரியைத் தாண்டினால் எனக்கு எழுதக் கை கூசும்.

அப்புறம் அந்த நாவல். ஊரை விட்டுப் போன மகனுக்காகக் காத்திருக்கும் ஒரு தாயின் கதை. நாலு வாரம் வாசித்தோம். அக்காவின் மகன் அப்போது திருப்பூர் போய் இரண்டு வருஷம். போன் வருவதும் நின்றுபோயிருந்தது.

கடைசிப் பக்கம் வந்தது. மகன் வரவே இல்லை. அவள் இறந்துபோகிறாள்.

அக்கா அரிவாளைக் கீழே வைத்துவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். புத்தகத்தைப் பார்த்தபடியே வாய்க்கு வந்ததை வாசித்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தாள். மகன் நின்றான். "சாப்பிட்டியாப்பா" என்று கேட்டாள்.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் கொழுந்துக் காடு முழுக்க அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

நான் எழுதிய முதல் கதை அந்த நாலு வரிதான். யாரிடமும் சொன்னதில்லை.

போன மாதம் காலேஜ் மேகசினுக்கு 'என்னை உருவாக்கிய புத்தகங்கள்' என்று எழுதிக் கொடுத்தேன். பத்துப் புத்தகம், எல்லாம் பெரிய பெரிய பெயர்கள். அந்த நாவல் அதில் இல்லை. பேச்சியக்காவும் இல்லை... இப்போது வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு வாயனசாலையில் இருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னாராம். கடைசிப் பக்கத்தை மட்டும் வாசி என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். என் திருட்டுத்தனம் அம்மாவுக்குத் தெரியாது. உள்ளதை உள்ளபடி வாசித்துவிட்டாள்.

அக்கா சொல்லியிருக்கிறார். "ஒனக்கு வாசிக்கத் தெரியல. ஒம் மக வரட்டும். அவ வாசிப்பா."

அம்மா அன்றைக்கே எனக்கு போன் செய்தாள். "பேச்சி ஒன்னய வரச் சொல்லுதா, ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்." எக்ஸாம் முடிந்ததும் வருகிறேன் என்றேன்.

நேற்றுதான் எக்ஸாம் முடிந்தது.

அக்காவை மகனுக்காக எடுக்காமல் வைத்திருக்கிறார்கள். புத்தகம் தலைமாட்டில் இருக்கிறதாம். இப்போதுதான் அம்மா மறுபடி கூப்பிட்டாள். திருப்பூர் அண்ணன் மறையூர் தாண்டிவிட்டாராம்.

வந்துட்டிருக்கேன் அக்கா. அண்ணனும் வந்துட்டிருக்காங்க.