சாராளுக்காகச் சாத்திய வடைமாலை

எதிர் வீட்டு ஞானசௌந்தரி மணி நாலு என்று சொன்னால்கூட நான் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் நம்புவேன். என்னை அப்படி ஆக்கியது அவள்தான். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்துக்கு வருகிறவர்கள், "உங்க எதிர் வீட்ல ஒரு ரைட்டர் இருக்காங்களாமே, எப்படி எழுதறாங்க?" என்று என்னிடம்தான் கேட்கிறார்கள். அவள் எப்படி எழுதுகிறாள் என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு அவள் புருஷனுக்குக்கூடத் தெரியாது. சொல்கிறேன், கேட்டுவிட்டு நீங்களே முடிவு பண்ணுங்கள்.

ஆள் பார்ப்பதற்குப் பரம சாது. சேலையூர்ப் பக்கத்துப் பெண். அப்பா சவுரிமுத்து ரயில்வேயில் கலாசித் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். இவள் தாம்பரத்தில் ஒரு காலேஜ் ஆபீசில் வேலை பார்க்கிறாள். புருஷன் ஜெபகுமார் மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். காலையில் சமைத்து, டிபன் டப்பா கட்டி, பஸ்ஸுக்கு ஓடி, சாயங்காலம் வாடி வதங்கி வருவாள். ஏற்கெனவே ரெண்டு நாவல் வந்திருப்பது அவள் வீட்டு ஷோகேஸைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். மேஜையில் உட்கார்ந்து பேனாவும் கையுமாக அவளை ஒரு நாளும் பார்த்ததில்லை.

எல்லாம் மொட்டை மாடியில் ஆரம்பித்தது. சர்க்கரைக்காக நான் சாயங்காலம் மாடியில் நடக்கிறவள். ஒரு நாள் அவளும் சேர்ந்துகொண்டாள். கொஞ்ச நாள் தண்ணி லாரி, மாவு மிஷின் என்று பொதுவாகப் பேசிவிட்டு, தன் சித்தி பெண் சாராளை நினைத்தால்தான் மனசே சரியில்லை என்றாள். எனக்கு அது போதாதா? சாராளின் புருஷன் குடிகாரன், மாமியார் ஒரு பிடாரி, சாராள் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்குகிறாள். தினமும் ஒரு சங்கதி. நடுவில் விமானப்படைப் பயிற்சி விமானம் தலைக்கு மேல் இரைந்துகொண்டு போனால், அந்தச் சத்தம் அடங்குவதற்குள் எனக்குத் தலை வெடித்துவிடும். அடங்கியதும் "அப்புறம்?" என்பேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொல்வாள். நான் போனை எடுத்துப் பார்த்தால் மட்டும் சட்டென்று நிறுத்திவிடுவாள். மறுநாள் அந்தச் சங்கதியே காணாமல் போயிருக்கும்.

கதை எழுதுகிறவள் என்று தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை. கதை எழுதுகிறவளுக்குச் சித்தி பெண் இருக்கக் கூடாதா என்ன?

ஆனால் சந்தேகம் வராமல் இல்லை. முதலில் சாராளின் புருஷன் லாரி ஓட்டினான். சில நாள் கழித்து வெல்டர் ஆகிவிட்டான். லாரி என்றுதானே சொன்னாய் என்று கேட்டேன். வேலை மாறிவிட்டார் மாமி என்றாள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். பிடாரி மாமியார் திடீரென்று பாவப்பட்டவளாகிவிட்டாள். அவளுக்கு ஒரு வியாதி வந்தது, அப்புறம் அந்த வியாதியும் இல்லை என்றாகிவிட்டது. நான் சந்தேகப்பட்டது யாரைத் தெரியுமா? சாராளை. அந்தப் பெண்தான் இவளிடம் மாற்றி மாற்றிப் புளுகுகிறாள் என்று நினைத்தேன்.

புளுகினாலும் பெண் பாவம் இல்லையா. அவன் குடியை விட்டால் வடைமாலை சாத்துகிறேன் என்று ஆஞ்சநேயரிடம் வேண்டிக்கொண்டேன். விட்டுவிட்டான் என்று இவள் சொன்னாள். மறுநாளே உளுந்து ஊறப்போட்டு, என் முட்டி வலியோடு நின்று வடை தட்டி, கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சாத்தினேன். விஷயத்தைச் சொன்னபோது இவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. அடுத்த வாரமே அவன் மறுபடி குடிக்க ஆரம்பித்துவிட்டான்.

கடைசியில் சாராள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கே வந்துவிட்டாள். அந்த அம்மாக்காரி அவளை உள் அறையில் வைத்துக்கொண்டு, மகள் லீவுக்கு வந்திருப்பதாகத் தெருவில் சொல்கிறாளாம். எனக்கு வந்ததே கோபம். பெற்றவள் செய்கிற காரியமா இது என்று மாடியே அதிரக் கத்தினேன். அந்தப் பொம்பளை செய்திருக்க வேண்டியது என்ன என்று ஒரு பாட்டம் பாடித் தீர்த்தேன். ஞானசௌந்தரி நடப்பதையே நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் என் வாய் சும்மா இருக்கவில்லை. அவள் தன் வீட்டுக் கஷ்டத்தை இவ்வளவு நாளாகச் சொல்லியிருக்கிறாள், நாம் மட்டும் மூடி வைத்துக்கொண்டிருக்கிறோமே என்று இருந்தது. என் பெண் சஹானாவைப் பற்றிச் சொல்லிவிட்டேன். எல்லாரும் நினைக்கிற மாதிரி அவள் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்காக இங்கே வந்து இருக்கவில்லை, பெங்களூரில் புருஷனோடு சரிப்பட்டு வராமல் பிரிந்து வந்துவிட்டாள், கோர்ட்டில் கேஸ் நடக்கிறது. அவள் வந்த அன்றைக்கு விடிவதற்கு முன்னால், பால்காரன்கூட வராத நேரத்தில், ஆட்டோவைப் பின் கேட்டுக்கு வரச்சொல்லி, பெட்டிகளோடு அவளை உள்ளே கூட்டிக்கொண்டு வந்தேன். அதையும் சொன்னேன். மாப்பிள்ளை ஜெர்மனிக்கு ஆன்சைட் வேலையாகப் போயிருக்கிறார் என்று ஊருக்குச் சொல்லியிருந்தோம். என் ஆத்துக்காரர் ராஜகோபாலனும், நானும், சஹானாவும் தவிர யாருக்கும் தெரியாத விஷயம். ஞானசௌந்தரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது அது ஆறுதலாகத்தான் இருந்தது.

அந்த வாரமே லிஃப்டில் ஜெபகுமாரைப் பார்த்தேன். சாராள் இப்போது எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தேன்.

"எந்த சாராளு மாமி?"

"அதான், உங்க ஆத்துக்காரியோட சித்தி பொண்ணு."

"அவளுக்குச் சித்தியே கெடையாது மாமி. சாராளு அவ எழுதுற நாவல்ல வர்ற பொண்ணு. வூட்ல எந்நேரமும் அந்தப் பொண்ணு பேச்சுதான் ஓடிகினு கீது."

லிஃப்ட் எங்கள் மாடியில் நின்றது. எனக்கு இறங்கத் தோன்றவில்லை. இல்லாத ஒருத்திக்காக நான் அழுதிருக்கிறேன், வடைமாலை சாத்தியிருக்கிறேன். அதெல்லாம் போகட்டும். அவளுடைய பொய்க்கு மாற்றாக என் பெண்ணின் நிஜத்தைத் தூக்கிக் கொடுத்திருக்கிறேனே!

நேராக அவள் வீட்டுக்கே போய்க் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, தான் எழுதுவது அப்படித்தான் என்றாள். எந்தச் சம்பவத்தையும் முதலில் யாரிடமாவது நிஜம் மாதிரி சொல்லிப் பார்ப்பாளாம். கேட்கிறவள் "அப்புறம்?" என்று கேட்டால் அது புத்தகத்தில் இருக்குமாம். போனை எடுத்தால் அந்த இடத்தை அடித்துவிடுவாளாம். நான் அவளுக்கு நன்றாகக் கேட்கிற ஆளாக வாய்த்தேனாம். சஹானா பற்றி ஒரு வரி எழுத மாட்டேன் மாமி, ஆண்டவர் சத்தியம் என்றாள். இல்லாத சாராளையே பெற்றுப் போட்டவள், அவள் சத்தியத்தை நான் எப்படி நம்புவது?

நம்பவில்லை. அதற்கப்புறம் மாடிக்குப் போவதை விட்டேன். அவள் ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷன் ஜெராக்ஸ் கடையில் தாள் தாளாக எடுத்துக்கொண்டிருந்தால், நான் பக்கத்துக் கடையில் கொத்துமல்லி பார்க்கிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். என்னைக் கண்டதும் தாளைப் பையில் திணித்தாள். ஒன்றும் இல்லாவிட்டால் ஏன் திணிக்க வேண்டும்? அச்சாவதற்கு முன்னால் படிக்கக் கொடு என்றேன். பதிப்பகத்தில் யாருக்கும் தர வேண்டாம் என்கிறார்கள் என்றாள். சஹானாவிடம் இதைச் சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை. அவளே சாப்பாட்டைக் கொறித்துக்கொண்டு, வாசலில் மணி அடித்தால் எழுந்து உள்ளே போய்விடுகிற நிலையில் இருந்தாள்.

எழுதுகிறவரைக்கும் பூனை மாதிரி இருந்தவள், புத்தகம் வரப்போகிறது என்றதும் ஆளே மாறிவிட்டாள். தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் நின்று ரீல்ஸ் எடுத்துப் போட்டாள். இஸ்திரி கடையில், அழகு நிலையத்தில், சர்ச் வாசலில் எல்லாம் நோட்டீஸ். எழுதுவது பாதி வேலை, ஆளைக் கூட்டுவது மீதி வேலை என்று என் ஆத்துக்காரரிடம் சொல்லியிருக்கிறாள். பிறகு எங்கள் அடுக்ககத்து வாட்ஸப் குழுவில் ஒரு போஸ்டர் வந்தது. "கணவன் வீட்டை விட்டுத் திரும்பி வரும் ஒரு மகள். கதவைத் திறக்கும் ஒரு தாய். நம் தாம்பரத்துப் பக்கத்துக் கதை." அதற்குக் கீழே, முதல் பிரதி பெறுபவர்: திருமதி அபிதகுஜாம்பாள் ராஜகோபாலன்.

என்னைக் கேட்காமல் என் பெயரை எப்படிப் போடலாம் என்று கேட்டால், என் ஆத்துக்காரர் அசடு வழிந்தார். அவள் வந்து கேட்டாளாம், இவர் பெருமையாகத் தலையாட்டிவிட்டாராம். அவருக்கு என்ன, மேடையில் மனைவி, வீடியோ எடுக்கலாம். எனக்குத்தான் புரிந்தது. ஊர் முன்னால் என் கையிலேயே புத்தகத்தைக் கொடுத்துவிட்டால், அப்புறம் நான் எப்படி வாயைத் திறப்பேன்? கெட்டிக்காரி. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், அதற்கு ஒரு காரணம் வேண்டும். பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு போனேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கீழே கார் நிறுத்துகிற இடத்தில் விழா. கார்களை எல்லாம் தெருவில் விட்டுவிட்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். அசோசியேஷன் தலைவர் சாம்பசிவன் ரிப்பனைப் பிரித்துப் புத்தகத்தை வெளியிட்டார். அவர் பையன் ஜெர்மனியில் மேல்படிப்புக்கு முயற்சி செய்கிறான், அதனால் மாப்பிள்ளையிடம் கேட்டுச் சொல்லச் சொல்லி எங்களை அவ்வப்போது துளைப்பார். நானும் பனி, ரயில், வீட்டு வாடகை என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்புவேன். முதல் பிரதியை என் கையில் கொடுத்தார். எல்லாரும் கை தட்டினார்கள். கடைசி வரிசையில் சஹானா. ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் நாலு பேர் இருக்கிற இடத்துக்கு வந்திருந்தாள், எனக்காக.

ஞானசௌந்தரி இன்னொரு பிரதியை எடுத்து, ஒரு பகுதியை வாசிக்கப்போவதாகச் சொன்னாள். வாசித்தாள். "ஆட்டோ வந்து நின்றது. இரண்டு பெட்டிகளோடு மகள் இறங்கினாள். தலையை நிமிர்த்தாமலே, அம்மா நான் வந்துவிட்டேன் என்றாள்."

அதற்கு மேல் எனக்குக் காது அடைத்துவிட்டது. எதிரில் இருந்த இன்னொரு மைக்கைப் பிடுங்கினேன்.

"நிறுத்து சௌந்தரி. என் பொண்ணு வாழாம வந்தது உனக்குக் கதையா? ஆட்டோ, பெட்டி எல்லாம் நான் உன்னை நம்பிச் சொன்னது. அவ கேஸ் நடந்துண்டிருக்கு, அதுக்குள்ள ஊரைக் கூட்டி வெச்சுப் படிக்கறியே, நீ நன்னா இருப்பியா?"

பக்கத்தில் சாம்பசிவன், "அப்போ மாப்பிள்ளை ஜெர்மனில இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டார். அப்போதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு உறைத்தது. ஞானசௌந்தரி வெளுத்துப்போய் நின்றாள். "மாமி, இது சாராள். நீங்க சஹானா விஷயத்தைச் சொல்றதுக்கு முன்னாடியே எழுதினது" என்றாள். அதற்கு முந்தின நாள் நான் மாடியில் கத்தினேனே, அன்றைக்கு ராத்திரியே அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதிவிட்டாளாம்.

சஹானா எழுந்து வந்தாள். அழுவாள், இல்லை வீட்டுக்கு ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். என் கையிலிருந்த முதல் பிரதியை வாங்கி, அந்த இடத்தைத் தேடிப் பிடித்து, மேற்கொண்டு என்ன என்று வாய்விட்டுப் படித்தாள்.

"தலையைத் தூக்குடி. என்ன திருடிட்டா வந்தே? பட்டப்பகல்ல முன் வாசல் வழியா வா. பாக்கறவா பாக்கட்டும். என் பொண்ணு வந்துட்டா, இனிமே இங்கதான் இருப்பான்னு தெருவுக்கே நான் சொல்றேன். கேக்கறவா என்கிட்ட வந்து கேக்கட்டும்."

கிறிஸ்தவப் பெண் சாராளின் அம்மா என் பாஷையில் பேசிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் யாரோ, இது மாமி பேசற மாதிரியே இருக்கே என்றார்கள். சஹானா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இது நீ சொன்னதாம்மா?"

ஞானசௌந்தரிதான் பதில் சொன்னாள். "மாமி சொன்னதுதான். ஒரு வார்த்தைகூட நான் மாத்தலை."

சஹானா அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடியே என் கிட்டே வந்தாள். பிறகு, "சாராளுக்கு முன் வாசல். எனக்கு மட்டும் ஏம்மா பின் கேட்?" என்று கேட்டாள். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, மெதுவாகத்தான் கேட்டாள். மைக் என் கையில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டுவிட்டது.

அது கதைடி என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை. அவளும் சேர்ந்துதான் இத்தனை நாளாக ஜெர்மனி ஜெர்மனி என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் பொய் வேண்டுமா என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. ஞானசௌந்தரியைப் பார்த்தேன். மாடியில் பார்ப்பாளே, அதே மாதிரி கண்ணெடுக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் என்ன சொன்னாலும் அடுத்த புத்தகத்தில் போட்டுக்கொள்வாள், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

போட்டுக்கொள்ளட்டும். சஹானாவின் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினேன். எதுவும் தயார் பண்ணி வைத்திருக்கவில்லை. புத்தகத்தில் இருந்ததுதான் வந்தது.

"என் பொண்ணு வந்துட்டா. இனிமே இங்கதான் இருப்பா."

குரல் பாதியில் உடைந்துவிட்டது. சாராளுக்காகச் சொன்னபோது அப்படி உடையவில்லை.