கயிற்றுக்கு அந்தப் பக்கம்

சேரப்பணஞ்சேரி ஜீவானந்தம் ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பி வந்ததிலிருந்து யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மனைவி மெர்சி அடுப்படியில் இருந்தால் எழுந்து போய் அவள் தோளைத் தொடுவார். தெருவில் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் ஓசையில்லாமல் பின்னால் நடந்து போய், முந்திக்கொண்டு எதிரே நின்று, முகத்தைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார்.

"பொண்ணு பாக்க வந்தவரு மாதிரி உத்து உத்துப் பாக்கறாரு, தம்பி" என்றாள் மெர்சி என்னிடம். "கட்டி இத்தினி வருசம் ஆச்சு. மெர்சின்னு ஒரு வாட்டி வாயால கூப்புட்டா இன்னா கொறைஞ்சா பூடுவாரு?"

அது 1991ஆம் வருஷம். குவைத்தில் சண்டை மூண்டதால் ஒற்றைப் பையோடு ஊர் திரும்பியிருந்த நான், ஒரகடத்துக்கு மேற்கே ரகுபதி என்பவருடைய கல்குவாரியில் கிளார்க்காக இருந்தேன். ஜீவானந்தம் எங்களுக்கு வெடிக்காரர். பாறையில் எங்கே துளை போடுவது, எவ்வளவு வெடிமருந்து இறக்குவது என்று பார்ப்பவர். வெளிநாடு போவதற்கு முன்பும் அதே குவாரியில்தான் அந்த வேலையைச் செய்தார். ஒரு ரோடு கம்பெனி அவரை சியர்ரா லியோனுக்கு அழைத்துப் போனதே அந்தக் கைப்பழக்கத்துக்காகத்தான்.

எங்கள் பக்கத்துக் குவாரிகளில் வெடி போடுவதற்கு ஒரு முறை உண்டு. மருந்து இறக்கியதும் பள்ளத்துக்கு இறங்கும் பாதையின் குறுக்கே கயிறு கட்டுவார்கள். வெடிக்காரர் கயிற்றருகே நின்று நீளமாக விசில் ஊதுவார். பிறகு ஒவ்வொரு கேங்காகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "தர்மபுரி கேங்கு!" என்றால் அவர்கள் "ஓய்" என்று பதில் கொடுத்தபடி பாறை மறைவிலிருந்து ஏறி வந்து கயிற்றைத் தாண்டுவார்கள். கடைசி ஆள் தாண்டும்வரை யாரும் வெடியைக் கிளப்பும் வயரைத் தொடக்கூடாது. இந்த முறையை நம் ஊரில் பிள்ளைகள்கூட அறிவார்கள்.

திரும்பி வந்த ஜீவானந்தம் மற்ற எல்லா வேலையும் செய்தார். விசிலை மட்டும் தொடவில்லை. அது மேஸ்திரி கண்ணப்பன் கழுத்தில் தொங்கியது. கண்ணப்பன் கூப்பிடும்போது இவர் ஜல்லி உடைக்கும் கிரஷருக்குப் பின்னால் போய் நிற்பார். எல்லோரும் தாண்டியாயிற்று என்று மேஸ்திரி கையைத் தூக்கிய பிறகும், "இரு. இன்னும் உள்ள ஆள் கீது" என்பார்.

"யாருண்ணே? அல்லாரும் இங்கதான் கீறாங்கோ."

"பதில் கேட்டுச்சு."

பள்ளத்துக்குள் அவரே இறங்குவார். ஒவ்வொரு பாறை இடுக்காகப் பார்த்துவிட்டு, கால் முழுக்க வெள்ளைத் தூளோடு ஏறி வருவார். அதற்குள் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்து ஓய்ந்திருப்பார்கள். முதல் சில நாள் சிரித்தவர்கள் பிறகு சிரிக்கவில்லை. தர்மபுரி கேங்கின் ரத்னா, ஜல்லிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு நாள் என்னிடம் கேட்டாள்: "கிளார்க்கு சாரு, அவரு காதுக்குக் கேக்கறது நம்ம காதுக்கும் ஒரு நாளு கேட்டுட்டா?"

முதலாளி ரகுபதி நல்ல மனிதர்தான். ஆனால் பொறுமைக்கும் அளவு உண்டு. ஆடி முடியும் தறுவாயில் ஜீவானந்தத்தை ஆபீசுக்கு அழைத்து, என் எதிரிலேயே சொன்னார். "லைசென்ஸ் உன் பேர்ல கீது ஜீவா. கூப்புட வேண்டியது நீ. மேஸ்திரி கூப்புட்டு நாளைக்கி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஜெயிலுக்குப் போறது நானு. அடுத்த வாரத்துலேர்ந்து நீ விசில் எடுக்கலன்னா வேற ஆளப் பாத்துக்கறேன். மனசுல வச்சிக்காத."

ஜீவானந்தத்துக்கு வேறு வேலை தெரியாது. ஒரு மணி நேரம் லாரி எடை மேடை அறையில் உட்கார்ந்திருந்தார். டீ ஆறிப்போனது. பிறகு, நானும் ஒரு சண்டையிலிருந்து தப்பி வந்தவன் என்பதாலோ என்னவோ, சொன்னார்.

அவர் இருந்தது எல்லையோரத்துச் சின்ன ஊர். ரோட்டுக்குக் கல் உடைக்கும் குவாரி, சுற்றிலும் காடு. வேலைக்கு வந்தவர்கள் அந்த ஊர் ஆண்களும் பெண்களும். அங்கே வெடி போடுவதற்கு எந்த ஒழுங்கும் இருக்கவில்லை. கயிறு கட்டுவதையும் விசில் ஊதுவதையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையும் இவர்தான் பழக்கிவிட்டார். "நம்ம ஊரு மொறைய அப்டியே சொல்லிக் குடுத்தேன். ஜெனேபான்னு ஒரு அம்மா, என் விசிலைப் புடுங்கி ஊதி என்னைக் கேலி பண்ணும். ஆனா நான் ஊதினா மொத ஆளா வந்து நிக்கும்."

அந்த வருஷம் பங்குனியில் எல்லைக்கு அப்பாலிருந்து கலகக்காரர்கள் வந்தார்கள். அவர்களோடு கூலிக்குச் சண்டை போடுகிற வேற்று நாட்டுக்காரர்களும் வந்தார்கள். குவாரியைப் பிடித்தது அந்தக் கூலிப்படைதான். பிரெஞ்சு பேசினார்கள். ஊர்க்காரர்களின் பாஷை அவர்களுக்குத் தெரியாது. காட்டுவழி தெரியாது. யார் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்றும் தெரியாது. ஊரே பள்ளத்துப் பாறை இடுக்குகளில் பதுங்கியிருந்தது.

"அவங்க தலைவன் எனக்கு நாற்காலி போட்டான் தம்பி. சிகரெட்டு குடுத்தான். அரைகொறை இங்கிலீசுல, 'பயப்படாத, பேரு மட்டும் கேட்டுட்டு அனுப்பிடுவோம், நீ கூப்புட்டா வருவாங்களாமே'ன்னான். யாரு சொன்னாங்களோ. அடிக்கல, மெரட்டல. நானும் நம்பிட்டேன். ஊதினேன். ஒவ்வொருத்தர் பேரா கூப்புட்டேன்."

"வந்தாங்களா?"

"நான் சொல்லிக் குடுத்த மாதிரியே வந்தாங்க. பதில் குடுத்துக்கினே, பாவாடையத் தட்டி வுட்டுக்கினு, வரிசையா. கயித்தத் தாண்டி நின்னாங்க." கையிலிருந்த கண்ணாடி டம்ளரை மேஜைமேல் வைத்தார். "கடைசி ஆளு தாண்டற வரைக்கும் அவங்க சுடல. அல்லாரும் வந்துட்டாங்களான்னு என்னைக் கேட்டாங்க. நான் தலைய ஆட்டினேன்."

எப்படித் தப்பினார், பக்கத்து நாடான கினியா வழியாக எப்படி வந்து சேர்ந்தார் என்பதையெல்லாம் மெர்சிதான் பிறகு சொன்னாள். நான் இப்போது இருக்கும் நாட்டில், அடுக்குமாடிக் கட்டடத்தில் தீ ஒத்திகை வைத்து, எல்லோரையும் வாசலில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். இன்றும் என் பெயருக்கு உடனே பதில் சொல்ல நாக்கு வருவதில்லை.

ரகுபதி கொடுத்த கெடு முடியுமுன்பே போலீஸ் வந்தது.

மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த பிறகு, சுற்றுவட்டாரத்தில் வெடிமருந்து இருக்கும் இடம் ஒவ்வொன்றும் சோதனைக்கு உள்ளாகியிருந்தது. வெளியூர் ஆட்களை விசாரணைக்கு அழைத்துப் போவதாகப் பேச்சு. அதனால் அன்று பிற்பகல் மண்பாதையில் ஜீப் தெரிந்ததுமே பள்ளத்திலிருந்த தர்மபுரி, சேலம் ஆட்கள் சட்டியையும் சுத்தியலையும் போட்டுவிட்டுப் பாறைகளுக்குள் மறைந்துவிட்டார்கள். கிரஷரும் நின்றது. அவ்வளவு பேர் இருந்த இடத்தில் ஒரு காக்கையின் குரல் மட்டும் கேட்டது.

சப்-இன்ஸ்பெக்டர் வயதானவர். தூக்கமில்லாத கண்கள். மருந்து அறையைப் பார்த்தார், திருப்தியானார். "ஆளுங்க எங்கய்யா?" என்றார் கண்ணப்பனிடம்.

"சாப்பாட்டுக்குப் போயிருப்பாங்க சார்."

"அல்லாரும் சட்டியக் கவுத்துட்டா போவாங்க? கூப்புடு. பேரும் ஊரும் மட்டும் கேட்டுட்டு விட்டுடப் போறேன்."

ஜீவானந்தம் என் பக்கத்தில்தான் நின்றார். அந்த வார்த்தைகளைக் கேட்டதும் அவர் என் முழங்கையைப் பிடித்தார்.

கண்ணப்பன் விசில் ஊதினான். "தர்மபுரி கேங்கு!" என்றான். பதில் இல்லை. "சேலம் கேங்கு! ஏய், சும்மா வாங்கப்பா." பாறைகள் அவன் குரலைத் திருப்பிக் கொடுத்தன. முதலாளி பக்கத்து ஆளை அவர்கள் நம்பத் தயாராக இல்லை.

அப்போது தெற்கே வானம் உறுமியது.

நானும் கண்ணப்பனும் ஒரே நேரத்தில் கிழக்கே திரும்பினோம். கிழக்குப் பாறை முழுக்க மருந்து இறக்கி, மின்சாரம் பாய்ந்தால் மருந்தைப் பற்றவைக்கும் எலெக்ட்ரிக் கேப்பு வைத்து, வயர் இழுத்திருந்தது. வயரை எப்படி முறுக்கி வைத்தாலும் மின்னல் கிட்டே விழுந்தால் அது தானாக வெடித்துவிடும். ஆட்கள் பதுங்கியிருந்தது அந்தப் பாறைக்குக் கீழேதான். ஒவ்வோர் இடுக்காகப் போய் அழைத்துவர நேரம் கிடையாது.

"அண்ணே" என்றான் கண்ணப்பன், விசிலைக் கழற்றி நீட்டியபடி. "நீ கூப்புடுண்ணே. மூஞ்சப் பாத்துப் பேசற ஆளு நீ. நீ கூப்புட்டாத்தான் வருவாங்கோ."

ஜீவானந்தம் விசிலைப் பார்த்தார். கான்ஸ்டபிள்களின் தோளில் தொங்கிய துப்பாக்கிகளைப் பார்த்தார். மேகம் குவாரி விளிம்புவரை வந்துவிட்டிருந்தது.

"சார்" என்றார் சப்-இன்ஸ்பெக்டரிடம். "மருந்து எறங்கின எடத்துக்கு பீடி, தீப்பெட்டி, துப்பாக்கி எதுவும் வரக்கூடாது. அது சட்டம்."

"எனக்கே சட்டம் சொல்றியா?"

"நீங்க செக் பண்ண வந்த சட்டந்தான் சார் அது. எல்லாத்தையும் ஜீப்புல வச்சிட்டு, ஜீப்பை ரோட்டாண்ட அனுப்பிடுங்க. அப்பால கூப்புடறேன்."

"அனுப்பலன்னா?"

ஜீவானந்தம் கயிற்றைக் குனிந்து தாண்டி, கிழக்குப் பாறையைப் பார்த்து இரண்டடி நடந்து, அங்கேயே நின்றுகொண்டார். இடி வந்தால் தனக்கும் சேர்த்துத்தான் என்பதுபோல.

இன்னொரு உறுமல். இம்முறை கால் வழியாகத் தெரிந்தது. சப்-இன்ஸ்பெக்டர் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடுப்பிலிருந்ததைக் கழற்றி கான்ஸ்டபிளிடம் கொடுத்தார். "எல்லாத்தையும் எடுத்துக்கினு போங்கய்யா. சீக்கிரம்."

ஜீப் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகும் ஜீவானந்தம் உடனே ஊதவில்லை. விசிலை உதட்டில் வைத்தார், எடுத்தார். ஒரு தடவை வெறும் காற்றுதான் வந்தது. அப்புறம் ஊதினார். குவைத்துக்குப் போகுமுன் ஊரில் இருந்தபோது தூரத்திலிருந்து நான் கேட்டிருந்த அதே நீளமான விசில்.

"தர்மபுரி கேங்கு. நான் ஜீவா கூப்புடறேன். துப்பாக்கி போயிடுச்சு. மேல இடி வருது, வந்துடுங்க. ரத்னா!"

அவர் வாயில் ஒரு பெயர். கண்ணப்பன் என்னைப் பார்த்தான்.

அந்தப் பெயர் பாறைகளில் பட்டு எதிரொலித்தது. பிறகு பாறைக்கு அடியிலிருந்து மெல்லிய "ஓய்". ரத்னா முதலில் வந்தாள், புடவையில் ஒட்டிய தூளைத் தட்டியபடி. அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். ஜீவானந்தம் அவர்கள் வரிசையாக வருவதைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவர் கயிற்றைத் தாண்டும்போதும் கண்ணை மூடிக்கொண்டார், தாண்டிய பிறகு திறந்தார். சேலம் கேங்கும் வந்தது. கடைசி ஆள் தாண்டியதும் அவரும் வந்தார். எல்லோரும் ரோட்டுப் பக்கமிருந்த தகரக் கொட்டகைக்கு ஓடினோம்.

கொட்டகைக்குள் நுழைந்த சற்று நேரத்தில் மின்னலில் வானம் வெளுத்தது. கிழக்குப் பாறை தானாக எழும்பி விழுந்தது. தகரத்தில் கற்கள் பொழிந்தன. பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

தூள் அடங்கிக்கொண்டிருந்தது. மழை இன்னும் தொடங்கவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் கொட்டகை வாசலுக்குப் போய், பள்ளத்துப் பக்கம் காதைக் கொடுத்து நின்றார். அவர் முகம் மாறியது.

"யோவ் மேஸ்திரி. உள்ள யாரோ கீறாங்க."

"இல்ல சார். அல்லாரும் இங்கதான்."

"பொம்பளக் குரலு. ஒண்ணு இல்ல, நெறைய. பதில் குடுக்கறா மாதிரி." அவர் தொப்பியைக் கழற்றினார். "இன்னா பாஷைன்னு புரியல. எண்ணுய்யா மறுபடி."

கண்ணப்பன் எண்ணினான். எல்லோரும் இருந்தார்கள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. கேட்டுவிடக்கூடாதே என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஜீவானந்தம் எழுந்து சப்-இன்ஸ்பெக்டர் அருகே போனார். வழக்கம்போல எதிரே நின்று முகத்தைப் பார்த்தார்.

"உங்களுக்கும் கேட்டுச்சா சார்?"

அந்தக் குரலில் பயமில்லை. பல மாதம் தனியாகச் சுமந்ததைக் கீழே வைக்க இடம் கேட்பவர்போல இருந்தது.

"கேட்டுச்சுய்யா. யாரு அவங்க? கூப்புடு, வரட்டும்."

"வரமாட்டாங்க சார்" என்றார் ஜீவானந்தம். "பதில் மட்டுந்தான் குடுப்பாங்க. நான் கூப்புட்டா வெளிய வரக்கூடாதுன்னு அவங்களுக்குத் தெரியும்."