கப்பித்தான் காரும் கந்தளாய் யானையும்

என் மாமனாருடைய காரில், எஞ்சினை மூடுகிற பொனற்றில் ஒரு பள்ளம் இருந்தது. கலியாண வீட்டில் சோறு காய்ச்சுகிற கிடாரம் ஒன்றை அதன்மேல் வைத்தால் அச்சொட்டாகப் பொருந்தும். மாரி பிறந்தால் அதில் தண்ணீர் நிற்கும். காகங்கள் வந்து முறைவைத்துக் குளித்துவிட்டுப் போகும். வீட்டுக்கு வருகிற புதியவர்கள், "என்ன, தேங்காய் விழுந்ததோ?" என்று கேட்பார்கள். "இல்லை, யானை மிதித்தது" என்பேன். சிரிப்பார்கள். என் வாழ்நாளில் நான் அவிழ்த்துவிட்ட பொய்களையெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நம்பிய சனம், உண்மையாகச் சொன்ன இந்த ஒன்றை மட்டும் நம்பியதே இல்லை.

மாமா திருகோணமலைக் கடற்படைப் பட்டறையில் வேலையாட்களை மேய்க்கிற போர்மனாக இருந்தவர். வெள்ளைக்காரர் துறைமுகத்தைக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டபோது, அவருடைய கப்பித்தான் தன்னுடைய காரை இவரிடம் விற்றுவிட்டுக் கப்பல் ஏறினார். அந்தக் காரின் பெயரை ஒழுங்காகச் சொல்லும் நாக்கு எங்கள் ஊரில் எவருக்கும் இருக்கவில்லை. ஆகவே அது 'கப்பித்தான் கார்' ஆயிற்று. மரச்சட்டத்தின்மேல் அலுமினியத் தகடு அடித்த உடம்பு, பூசணிக்காய் அளவில் இரண்டு விளக்குகள், படகின் முன்பக்கம்போல நீண்ட மூக்கு. இலங்கை முழுவதிலும் இதற்கு ஒரேயொரு சோடி மலைநாட்டில் ஒரு தோட்டத்துரையிடம் இருந்ததாகவும், அதுவும் பள்ளத்தில் விழுந்துவிட்டதாகவும் மாமா சொல்லுவார். அதைச் சொல்லும்போது மட்டும் அவருடைய முகத்தில் ஒரு புன்னகை வரும்.

மற்ற நேரங்களில் அவருக்குக் கையால்தான் கதை. ரேடியோ கரகரத்தால் அதன் தலையில் ஓர் அடி. கதவு இறுகினால் ஓர் உதை. சவரம் செய்ய வந்தவர் காதருகே கீறிவிட்டார் என்று கதிரையோடு சேர்த்து அவரைக் கவிழ்த்திருக்கிறார். பட்டறையில் அவருக்குக் கீழே வேலை பழகியவர்களை முதுகைத் தடவிப் பார்த்தே அடையாளம் காணலாம் என்பார்கள். நான் பெண் பார்க்கப் போன அன்று எனக்குச் சம்மதமா என்று யாரும் கேட்டதாக ஞாபகம் இல்லை. மேசையில் ஒரு குத்து விழுந்தது, தேத்தண்ணிக் கோப்பைகள் துள்ளின, நான் ஓம் என்றேன். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக அதுவரை நான் எடுத்த முடிவுகளில் அதுதான் மிக விரைவானது.

அந்தக் காரை மட்டும் அவர் ஒருநாளும் அடித்ததில்லை. குளிர்நாளில் எஞ்சின் எழும்பாவிட்டால் மூக்கைத் தடவி, "என்ன பிள்ளை, ஏலாதோ?" என்று கேட்பார். அந்தக் குரலில் அவர் என் மனைவியோடும் பேசியதில்லை, மாமியோடும் பேசியதில்லை. ஞாயிறு பின்னேரங்களில் காரை எடுத்துக்கொண்டு நிலாவெளிப் பக்கமோ கன்னியாப் பக்கமோ போய்விடுவார். கார் படலையைத் தாண்டிச் சற்று நேரத்தில் குசினிக்குள்ளிருந்து பாட்டுக் கேட்கும். மாமிக்கு நல்ல குரல். திரும்பி வருகிற மாமா இரவு சாப்பாடு வரைக்கும், சில வேளை திங்கட்கிழமை வரைக்கும், மனிதராக இருப்பார்.

யானையை இடித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். கந்தளாயில் ஒரு செத்த வீட்டுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். மாமி வரவில்லை. பொழுது சாய்கிற நேரம், இரண்டு பக்கமும் காடு. வளைவு திரும்பியதும் ஒரு தனியன் யானை தெருவைக் குறுக்கறுத்துக்கொண்டிருந்தது. மாமா பிரேக்கை அழுத்தினார். கார் கேட்டது, ஆனால் சரியாகக் கேட்கவில்லை. இடது விளக்கு யானையின் பின்னங்காலில் போய் மோதி நொறுங்கியது, சில்லுக்கு மேலே இருந்த மட்காட் சுருண்டது. நான் முன்கண்ணாடியில் நெற்றியை உடைத்துக்கொண்டேன். யானைக்கு அவ்வளவாக ஒன்றும் ஆகவில்லை. நின்றது. காதை ஒருதரம் வீசியது. காட்டுக்குள் போவதற்காக முன்காலைத் தூக்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், அது போகத்தான் வெளிக்கிட்டது.

மாமா விட்டிருக்க வேண்டும். அவரோ உடைந்த விளக்கைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து, சீற்றுக்குக் கீழே கிடந்த, எஞ்சினை முடுக்குகிற இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு இறங்கினார். சந்தையடியில் குறுக்கே வந்த மாட்டுவண்டிக்காரனிடம் போவதுபோல விறுவிறுவென்று போனார். "கண் தெரியாதோடா உனக்கு, நாயே!" என்று அந்த யானையின் பின்னங்காலில் ஓங்கி ஓர் அடி. அதே இடத்தில் இன்னும் ஓர் அடி. நாயே என்று விளிக்கப்பட்டதை அந்த யானை எப்படி எடுத்துக்கொண்டது என்று எனக்குத் தெரியாது. திரும்பியது.

மாமா ஓடியதை அன்றுதான் பார்த்தேன். அவர் வந்து சேர முன்னமே நான் மற்றக் கதவால் உருண்டு விழுந்து தெருவுக்குக் கீழே இருந்த மதகுக்குள் புகுந்துவிட்டேன். வீரத்தில் எனக்கு இடமில்லை என்றாலும், ஒளிப்பதில் நான் எப்போதும் முதலாவது ஆள். பின்னாலேயே மாமாவும் வந்து விழுந்தார். சேற்றுத் தண்ணீரில் முழங்காலில் இருந்தபடி, மதகின் வாயால் எல்லாவற்றையும் பார்த்தோம்.

யானை முதலில் நெற்றியால் காரின் மூக்கில் முட்டியது. ரேடியேற்றர் வெடித்து வெந்நீர் சீறியது. அது முகத்தில் பட்டிருக்க வேண்டும். காடு அதிரப் பிளிறியது. முன்காலைத் தூக்கிப் பொனற்றில் வைத்து அழுத்தியது. தகடு மெல்ல, ஒரு மனிதன் முனகுவதுபோலச் சத்தம் போட்டுக்கொண்டு உள்ளே இறங்கியது. தும்பிக்கையைத் திறந்த கதவுக்குள் விட்டு முறுக்கியது. கீல்கள் பிய்ந்தன, கதவு காற்றில் பறந்து பாலைமரத்தில் மோதி விழுந்தது. கூரையைத் தலையால் அமுக்கியபோது உள்ளே இருந்த மரச்சட்டங்கள் ஒவ்வொன்றாக முறிந்தன. பிறகு பக்கவாட்டில் தோளைக் கொடுத்துத் தள்ளியது. இரண்டு சில்லுகள் மேலே எழும்பி, நின்று, திரும்ப விழுந்தன. களைப்பு வரும்வரைக்கும் அடித்தது. பிறகு, ஒன்றும் நடக்காததுபோல, முன்னர் போகவிருந்த பக்கமே போயிற்று.

மரம் ஏற்றுகிற லொறி ஒன்றில் கட்டி இழுத்துக்கொண்டுவந்து காரைக் கராஜில் போட்டோம். கராஜ் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் நானாவுடையது. அவர் மூன்று பக்கமும் சுற்றிப் பார்த்தார். நாலாம் பக்கம் போகவே இல்லை.

"ஐயா, இது அடிபட்ட கார் இல்ல. மவுத்தான கார். உசிர் இல்ல."

மாமா அவருடைய சட்டையைப் பிடித்தார். நானா அசையவில்லை.

"சட்டையக் கிழிச்சா நான் வேற சட்ட போடுவன். இந்தக் காருக்கு வேற கதவு எங்க போடுற? எல்லாம் புதிசா அடிக்கணும். முதிரை மரத்தில சட்டம் செய்யணும், தகடு தேடணும். காப்புறுதிக்காரன் தந்தா நான் எழுப்பித் தாறன். தராட்டி இதக் கடலுக்குள்ள தள்ளுங்க, மீன் குடியிருக்கும்."

மாமா கம்பியோடு இறங்கிப்போன கதையையும் கேட்டுவிட்டு நானா தலையில் கைவைத்தார். யானையோடு மோதினால் காப்புறுதி உண்டு, யானையோடு சண்டைக்குப் போனால் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கொழும்பிலிருந்து ஆள் பார்க்க வருகிற அன்று ஐயா வாயே திறக்கக் கூடாது, மருமகன்தான் பேச வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். கம்பியைப் பற்றி ஒரு சொல்லும் வரக் கூடாது. மாமாவும் சம்மதித்தார். அவர் ஒன்றுக்குச் சம்மதித்தால் மூக்கால் ஒரு சத்தம் வரும், அது வந்தது.

அந்த நாள் காலையில் நான் வெளிக்கிடும்போது மாமி குசினி வாசலுக்கு வந்தார். வலது கன்னத்தை முந்தானையால் மூடியிருந்தார்.

"மருமகன், எப்பிடியாவது அந்தக் காரைத் திருத்தக் குடுத்திடுங்கோ."

"நான் என்ன மாமி செய்ய? கதைக்கிறதுதான் என்ரை வேலை. கதைப்பன்."

"பகிடியில்லை. கார் நிண்டதிலயிருந்து இந்த மனிசன் ஒரு நேரமும் வெளியில போறேல்லை. எனக்கு ஏலாது மருமகன். அது ஓடினாத்தான் நான் இருப்பன்."

காப்புறுதிக்காரர் வெள்ளைக் காற்சட்டையோடு வந்தார். கொழும்பில் வளர்ந்த தமிழர், நல்ல மனிதர். கராஜுக்குள் மாமா ஒரு மூலையில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். காரைச் சுற்றிப் பார்த்த அதிகாரி, உடைந்த விளக்கைத் தொட்டார், பிறகு பொனற்றுப் பள்ளத்தைத் தொட்டார்.

"முன்னால இடிச்சது சரி. மேலயும் பக்கத்திலயும் எப்படி?"

"இடிபட்ட ஆத்திரத்தில யானை திரும்பி வந்தது ஐயா" என்றேன். "வந்து அடிச்சுது."

"நீங்க ரெண்டு பேரும்?"

"அசையாம காருக்குள்ளை குனிஞ்சு இருந்தனாங்கள். கதவைப் பிடுங்கினாப் பிறகுதான் மதகுக்குள்ள ஓடினது."

அவர் தலையை ஆட்டினார். பேனையை எடுத்தார். எங்கள் கார் எழும்பிவிட்டது என்று நானாவின் முகத்தில் தெரிந்தது. அப்போது அந்த நல்ல மனிதர், ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார், மாமாவின் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"நல்ல வேல செஞ்சீங்க. பயந்து பேசாம இருந்ததாலதான் உயிர் தப்பினீங்க."

"ஆர் பயந்தது?"

நானா கண்ணை மூடிக்கொண்டார்.

"இல்ல, யானைக்கு யாருதான் பயப்பட மாட்டாங்க..."

"ஆர் பயந்தது எண்டு கேக்கிறன்! நான் இறங்கிப்போய் அடிச்சனான்! இந்தக் கையால, இரும்பால அடிச்சனான்! கேளும் இவரை!"

நான் கொடுத்த வாக்குமூலமெல்லாம் அந்த இரண்டு மூச்சில் போயிற்று. அதிகாரி பேனையை மூடினார். கொஞ்ச நேரம் மாமாவை ஒரு வியப்போடு பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னார்:

"கம்பெனி மோதினதுக்குத்தான் குடுக்கும் ஐயா. சண்டைக்குக் குடுக்காது."

மாமா பக்கத்தில் கிடந்த சுத்தியலை எடுத்து நானாவின் மேசையில் அடித்தார். மேசை பிளந்தது. அதற்கும் காப்புறுதி இல்லை.

கடைசியில் இடது விளக்குக்கும் மட்காட்டுக்கும் மட்டும் கிடைத்தது. நானா, பழைய கடற்படைப் படகொன்றிலிருந்து ஒரு விளக்கைக் கழற்றிக்கொண்டுவந்து, புதுமட்காட் அடித்து, அழகாகப் பூட்டினார். மிச்சம் அப்படியே. மாமா அதை இழுத்துவந்து முற்றத்து வேம்பின் கீழே விட்டார். தகனத்துக்குக் கிடத்திய பிரேதத்துக்கு ஒரு கண் மட்டும் முழித்திருப்பதுபோல, நசுங்கிய அந்த உடம்பில் அந்த ஒரு விளக்கு பளபளத்துக்கொண்டு இருந்தது. நான் ஊருக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கவைத்தேன். கச்சேரியில் என்னைத் தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிப்போவதே இதைக் கேட்கத்தான்.

கார் ஓடாத ஞாயிற்றுக்கிழமைகள் வீட்டுக்குள்ளேயே கழிந்தன. குசினியிலிருந்து பாட்டுக் கேட்கவில்லை. வேறு சத்தங்கள் கேட்டன. கோப்பைகள் குறைந்தன. மாமியின் இடது மணிக்கட்டு கிணற்றடியில் வழுக்கி விழுந்ததில் முறிந்து, கோணலாகப் பொருந்தியது. ஒருமுறை இடையில் புகுந்த எனக்கு மேல்வாய்ப் பல் ஒன்று போயிற்று. படியில் விழுந்தேன் என்று பல் வைத்தியரிடம் சொன்னேன். எங்கள் வீட்டில் எல்லோரும் எதிலாவது விழுந்தவர்கள்தான்.

சில வருடங்களில் மாமாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கை போயிற்று; பிறகு அவரும் போனார். செத்த வீட்டுக்கு நானாவும் வந்திருந்தார். முற்றத்தில் தான் பூட்டிய விளக்கைச் சாரத்து நுனியால் துடைத்துவிட்டுப் போனார். அடுத்த வருடம் பழைய இரும்பு வாங்குகிறவர்கள் வந்து காரை வெட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நாங்கள் அந்த வீட்டிலிருந்து மாறிய பிறகு மாமி தனியாகத்தான் இருக்கிறார்; எங்களோடு வந்திருங்கள் என்றால் கேட்கிறாரில்லை. போன மாதம் போயிருந்தேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல், "அந்த யானைக் கதையை ஒருக்காச் சொல்லுங்கோ" என்றார். அவர் என்னிடம் அதைக் கேட்டது அதுதான் முதல் தரம். எனக்குச் சந்தோஷம். நாயே என்று ஏசியதை மாமாவின் குரலிலேயே சொல்லி, நான் மதகுக்குள் பாய்ந்ததை நடித்தும் காட்டினேன்.

"பகிடி வேண்டாம் மருமகன். அது அடிச்சதை மட்டும் சொல்லுங்கோ."

சொன்னேன். நெற்றியால் முட்டியது, காலை வைத்து அழுத்தியது, கதவைப் பிடுங்கியது, சட்டங்கள் முறிந்தது. மாமி கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"அவர் என்ன செய்தவர்?"

இதை நான் எந்தத் தேத்தண்ணிக் கடையிலும் சொன்னதில்லை. "எனக்குப் பக்கத்தில நிண்டு நடுங்கினவர் மாமி. ஒவ்வொரு அடிக்கும் ஐயோ அம்மா எண்டு கத்தினவர். தனக்கு விழுறமாதிரி."

 மாமி செதில் ஒட்டியிருந்த விரல்களால் கோணல் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பிறகு?"

"பிறகென்ன மாமி. அடிச்சுப்போட்டு அது தன்ரை பாட்டில காட்டுக்குள்ள போயிட்டுது."

"ஓம்" என்றார் மாமி. "அதுக்குப் போறதுக்கு ஒரு காடு இருந்தது."

கத்தியை எடுத்து, மீனின் தலையை வெட்டினார்.