நான் வாய் திறக்காத இரண்டு நாள்

எங்கள் மாடியில் குடியிருக்கும் ஏசி மெக்கானிக்கை இந்தத் தெருவில் எல்லோரும் ஜக்குக்காரர் என்றுதான் சொல்வார்கள். அவர் பையில் ஸ்பேனர் இருக்கிறதோ இல்லையோ, நீல நிற பிளாஸ்டிக் ஜக்கு ஒன்று கட்டாயம் இருக்கும். ஏசியைக் கழுவி மாட்டியதும் மற்ற மெக்கானிக்குகள் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இவர் நகரமாட்டார். ஸ்டூலில் ஏறி, ஏசிக்குள் தண்ணீர் சேரும் தட்டில் ஒரு ஜக்குத் தண்ணீரை மெல்ல ஊற்றுவார். வீட்டுக்காரர்கள் யாராவது வெளியே குழாய் முனையில் நிற்க வேண்டும். "வருதா?" என்று உள்ளே இருந்து குரல் கொடுப்பார். "வருது" என்று பதில் வந்த பிறகுதான் கீழே இறங்குவார்.

இருபத்தெட்டு வருடமாக இதே கூத்துதான். "குளிராத ஏசியால என்னம்மா கெட்டுப்போச்சு, வேர்க்கும், அவ்வளவுதான். தண்ணி இறங்காத ஏசிதான் சுவத்தை ஊற வைக்கும், பீரோவை அரிக்கும்" என்பார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவச் சொல்வார். தட்டில் படியும் பாசியை வழிக்கச் சொல்வார். குழாய் போகிற வழியில் ஓரிடத்தில்கூட மேலேறக் கூடாது, இறக்கமாகவே போகவேண்டும் என்பார். கடைசியாக ஒன்று சொல்வார், அதைச் சொல்லும்போது மட்டும் விரலை ஆட்டுவார். "குழாயைக் கொண்டுபோய் வாளியில விடாதீங்க. வாளி நிறையும். மனுஷன் மறந்துடுவான்."

அவர் வீட்டுக் குழாய் வாளிக்குள்தான் இருந்தது. அதற்குக் காரணம் நான்.

நான் துணி தைப்பவள். புதுத்துணி சுருங்குமே என்று, தைப்பதற்கு முன்னால் நனைத்துப் பின்கட்டில் காயப்போடுவேன். அவருடைய படுக்கையறை ஜன்னல் சரியாக என் கொடிக்கு மேலே. பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், அவர் ஏசியிலிருந்து சொட்டிய தண்ணீர் யாரோ கொடுத்திருந்த வெள்ளைத் துணியில் துருக்கறையை இறக்கிவிட்டது. எனக்குத்தான் வாய் இருக்கிறதே! தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "ஊரு வீட்டுத் தண்ணியெல்லாம் பிடிக்கிறவருக்குத் தன் வீட்டுத் தண்ணியைப் பிடிக்கத் தெரியலையாக்கும்!"

மனுஷர் அன்று சாயங்காலமே குழாயை உள்ளே இழுத்து, படுக்கையறை மூலையில் ஒரு வாளியில் விட்டார். குளியலறைக்குக் கொண்டுபோகச் சுவரை உடைக்கவேண்டும், வீட்டு உரிமையாளர் ஒத்துக்கொள்ளவில்லை. "ரெண்டு மாசத்துல வேற வழி பண்ணிடறேன், தையக்காரம்மா" என்றார். வாளி ஒருநாளும் வழியவில்லை. வழியாததால் அவருக்கு அது மறந்தே போனது. ஆம்பளைகளுக்கு வீட்டில் நடப்பதெல்லாம் தானாக நடப்பதாகத்தானே நினைப்பு!

தானாக ஒன்றும் நடக்கவில்லை. அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுவேன், காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் அந்த வாளியைக் குளியலறைக்கு இழுத்துப்போய்க் கொட்டுவாள். இழுக்கும் சத்தம் என் தலைக்கு மேலே கேட்கும். அவர் தன் வீட்டு ஏசியைக் கழுவும் நாளில் அக்கா வாளி பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். அவர் ஜக்கை ஊற்றிவிட்டு "வருதா?" என்பார். "வருது, வருது, உங்க தொண்டைக்குப் பயந்தே வருது!" என்பாள். கீழே தையல் மெஷினை நிறுத்திவிட்டு நான் சிரிப்பேன்.

அந்தத் தொண்டையிலேயே அக்காவுக்கு நோய் வந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள். உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. அதற்கப்புறம் அவள் எதையும் நோட்டில்தான் எழுதிக் காட்டுவாள். சண்டை, கேலி, மருந்து நேரம், எல்லாமே எழுத்தில்தான். "வருதா?" என்று அவர் கேட்டால் இரண்டு முறை கைதட்டுவாள். முடியாத உடம்போடு வாளியையும் அவள்தான் இழுத்தாள். இழுப்பாள், நிற்பாள், மறுபடி இழுப்பாள். கேட்கப் பொறுக்காமல் ஒருநாள் மேலே போய், "அக்கா, நான் வந்து ஊத்தறேனே" என்றேன். நோட்டை எடுத்து எழுதினாள்: "நீ ஊத்தினா ஊருக்கே கேக்கும். அவர் காதுல போட்டுடாதே. போய் வேலையைப் பாரு."

பதினாலு மாதத்தில் ஏழு நோட்டுகள். ஆறு நோட்டில் அன்றாடக் கதை. கையில் பலம் குறைந்ததும் பால்பாயின்ட் பேனாவை அழுத்தி எழுத முடியவில்லை என்று ஜெல் பேனா வாங்கிவரச் சொல்லி, ஏழாவது நோட்டை அதில் எழுதினாள். அதை அவரிடம் காட்டவே இல்லை. அவர் கிட்டே வந்தால் மூடிவிடுவாள். அட்டையில் மட்டும் பழைய பேனாவால் எழுதி வைத்திருந்தாள்: "இது உங்களுக்கு. இப்போ இல்லை."

அக்கா ஆஸ்பத்திரியில் மூன்றே நாள் இருந்தாள். போய்ச் சேர்ந்தாள்.

அவளுடைய தங்கை வந்து ஒரு வாரம் அந்த அறையில் தங்கினாள். வாளியைக் கொட்டும் வேலையை அவளே பார்த்துக்கொண்டாள். வியாழக்கிழமை அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்த அவரைப் படிக்கட்டில் பார்த்தேன். முகம் வற்றிப்போயிருந்தது.

"சாப்பிட்டீங்களா, அண்ணே?"

"ம்… ஞாயித்துக்கிழமை அந்த நோட்டை ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், தையக்காரம்மா. இப்போ எடுத்தா கண்ணுல எழுத்து நிக்காது. தினம் ஒரு பக்கம் போதும். சீக்கிரம் தீந்துடக் கூடாது, பாருங்க. அவ என்கிட்ட பேசறதுக்கு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்."

"அந்த ரூம்லயா படுக்கறீங்க?"

"இல்ல, ஹால்ல. ரூமை மூடி வெச்சிருக்கேன். ஏசியை மட்டும் நிறுத்த மனசு வரல. அவளுக்குப் புழுக்கம் ஆகாதே."

வெள்ளிக்கிழமை காலை என் வீட்டு சீலிங்கில் தட்டு அளவுக்கு ஈரக்கறை தெரிந்தது. மேலேயிருந்து தண்ணீர் இறங்குகிறது என்று பார்த்ததுமே புரிந்தது. வழக்கம்போல் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டேன். நாலு படி ஏறியதும் கால் நின்றுவிட்டது. பத்து நாளுக்கு முன்னால் பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனுஷரிடம் போய் உங்கள் வீட்டுத் தண்ணீர் என் வீட்டில் சொட்டுகிறது என்று எந்த வாயால் சொல்வது? பதினொரு வருடத்துக்கு முன்னால் கத்தியது போதாதா? ஒரு தடவையாவது மனுஷியாக இருடி என்று என்னையே திட்டிக்கொண்டு இறங்கிவந்தேன். சனிக்கிழமை கறை பாய் அகலம் ஆனது. கீழே ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டு மெஷினைத் தள்ளிப்போட்டேன். தலைக்கு மேலே வாளி இழுக்கும் சத்தம் கேட்கவில்லையே என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மேலே கதவு திறந்தது. அப்புறம் "ஐயோ" என்று ஒரு சத்தம். ஓடினேன்.

அறை முழுக்கத் தண்ணீர். மூலையில் வாளி தளும்ப நிற்கிறது, குழாயிலிருந்து இன்னும் சொட்டுகிறது. வாளியை ஒட்டிய சுவர் அலமாரியின் அடித்தட்டில்தான் நோட்டுகளை அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருந்தார். பெட்டி ஊறிக் கூழாகியிருந்தது. அவர் ஈரத்தரையில் உட்கார்ந்து பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பால்பாயின்ட் எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. "உப்பு கம்மி." "மாத்திரை போட்டாச்சு." "கேஸ் மூடினீங்களா?" ஆறு நோட்டும் பிழைத்துக்கொண்டன. ஏழாவதில் அட்டை எழுத்து மட்டும் இருந்தது. உள்ளே ஜெல் மை கரைந்து பக்கத்துக்குப் பக்கம் வெறும் நீலம். ஒரு எழுத்து இல்லை.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க வீட்டுக்குத் தண்ணி இறங்கலையா?"

"வெள்ளிக்கிழமையே இறங்குச்சு, அண்ணே."

"சொல்லலையே?"

"துக்க வீட்டுல வந்து எப்படின்னு…"

"நீங்களா சும்மா இருந்தீங்க?" என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வெள்ளிக்கிழமை காலை என் வழக்கப்படி நான் தெருவே கூடும்படி கத்தியிருந்தால், அடித்தட்டுவரை ஈரம் போயிருக்காது. வாழ்க்கையில் ஒரே ஒருமுறை நான் வாயை அடக்கினேன். பாவி, அந்த நேரம் பார்த்தா அடக்கவேண்டும்!

ஏழாவது நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "தினம் எத்தனை தடவை ஊத்துவா?"

"ரெண்டு தடவை. மழைக்காலத்துல மூணு."

"முடியாதப்பவுமா?"

"முடியாதப்பவும்தான், அண்ணே."

அவர் வாளியைப் பார்த்தார். "ஊருக்கெல்லாம் சொன்னேனே" என்றார்.

மறுநாள் நானே மேலே போனேன். "குழாயை என் பக்கமே வெளியில விடுங்க, அண்ணே. கொடியை நான் மாத்திக் கட்டிக்கறேன்" என்றேன். எதிர்ச்சுவரில் இரண்டு ஆணி அடித்துக் கொடியை நகர்த்திக் கட்டினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதைப் பதினொரு வருடத்துக்கு முன்னால் செய்திருந்தால் அக்கா ஒருநாளும் அந்த வாளியை இழுத்திருக்கவேண்டாம்.

அவர் குழாயைப் பழைய துவாரம் வழியாக வெளியே தள்ளி, இறக்கம் பார்த்துக் கட்டினார். நான் பின்கட்டில் முனைக்குக் கீழே நின்றேன். ஸ்டூல் நகரும் சத்தமும் ஜக்கில் தண்ணீர் பிடிக்கும் சத்தமும் கேட்டன.

"வருதா?" என்றார்.

தண்ணீர் என் கைமேல் விழுந்தது. சொல்ல வாயைத் திறந்தேன். என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் இரண்டு முறை கைதட்டிவிட்டேன்.

மேலே ஜக்கு கீழே விழுந்தது. அக்கா போன நாளிலிருந்து அழாத மனுஷர் அப்போதுதான் வாய்விட்டு அழுதார். "வருது, அண்ணே, வருது" என்று நான் கீழேயிருந்து கத்திக்கொண்டே இருந்தேன். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.