டொக்டர் அவளிடம் கேட்ட கேள்வி

என் மனைவி கல்முனையில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பவள். தைரொயிட் ஒப்பரேசனுக்கு முதல்நாள் டொக்டர் அவளிடம், "ஏதும் கேக்க இருக்கா?" என்றார். அவள் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "ஒண்டுமில்ல டொக்டர், நீங்க பார்த்துச் செய்ங்க."

ஒப்பரேசன் முடிந்தபின் அவள் பேசினால் வெறும் காற்றுத்தான் வந்தது. "குரல் நரம்பு வெட்டுப்படல்ல. ரத்தத்த நிப்பாட்டுற கருவிட சூடு பட்டிருக்கும். திரும்பி வரலாம், பொறுத்துப் பார்ப்பம்" என்றார் டொக்டர்.

வீட்டில் அவள் கொப்பியில் எழுதிக் காட்டினாள்: "நரம்புக்குக் கிட்ட சூட்டுக் கருவி இல்லாம நூலால கட்ட ஏலாதா எண்டு கேக்க இருந்தன். இதே ஒப்பரேசன் செஞ்ச பக்கத்துக் கட்டில் ராத்தா சொல்லித் தந்தவ."

நான்கு மாதமாகிறது. அவளிடம் ஓதிய பிள்ளைகள் இப்போது வேறு வீட்டில் ஓதுகிறார்கள். கிளினிக்கில் டொக்டர் அவளிடம் ஏதும் கேட்டால் நான் வாய் திறப்பதில்லை. அவள் பதில் சொல்ல முயல, சொல்லாக மாறாத அந்தக் காற்று முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.