தூக்கமாத்திரை அக்காவின் முறை

டிரம்மை மடியில் வாங்கியதும் முதல் காரியமாக அதன் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்க்கிறார் அக்கா, ஈரமாக இருக்கிறதா என்று. பிறகு அதைத் தோளோடு சாய்த்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "ம், இப்ப சரி" என்கிறார். அவருக்கு வேலை குழந்தைகள் காப்பகத்தில். மதியச் சாப்பாட்டுக்குப் பின் பாயில் வரிசையாகக் கிடக்கும் வாண்டுகளை முதுகில் தட்டித் தூங்கவைப்பது அவர் பொறுப்பு. அந்தப் பழக்கம் கடற்கரைவரை கூடவே வந்துவிடுகிறது.

சனிக்கிழமை சாயங்காலமானால் மணலில் வட்டமாக உட்கார்ந்து கொட்டுவோம். யார் வேண்டுமானாலும் வரலாம். டிரம் இல்லாதவர்களுக்கு வாளி, பெயின்ட் டப்பா, எதுவும் செல்லும். ஒரே ஒரு வழக்கம்தான். சூரியன் இறங்கும் நேரத்தில் ஒரு டிரம் கைமாறிக்கொண்டே போக, ஆளுக்கொரு முறை வரும். முறை வந்தவர் தனக்குத் தோன்றியதை அடிக்க வேண்டும், மற்றவர்கள் அதையே பிடித்துக்கொண்டு தொடர வேண்டும்.

அக்காவின் முதல் முறை எங்கள் யாருக்கும் மறக்காது. தட்... தட்... தட் என்று மெத்தென்று ஆரம்பித்தார். நாங்களும் தொடர்ந்தோம். கொஞ்ச நேரத்தில் எனக்குக் கண் சொருகியது. வட்டத்தின் நடுவே வாலைத் துரத்திக்கொண்டிருந்த நாய் சுருண்டு படுத்துவிட்டது. எங்கள் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி இருக்கும் வெல்டர், "அக்கா, போதும்! நான் பைக் ஓட்டிட்டு வீட்டுக்குப் போகணும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அன்றிலிருந்து அக்காவின் பெயர் தூக்கமாத்திரை. அப்படிக் கூப்பிட்டால் எல்லோரையும்விட அவர்தான் உரக்கச் சிரிப்பார்.

ஆனால் அதற்குப் பிறகு தன் முறை வரும்போதெல்லாம் டிரம்மைப் பக்கத்திலிருக்கும் என்னிடம் தள்ளிவிடுவார். அந்த நாய் மட்டும் அவர் காலடியை விடுவதில்லை. ஏன் அடிப்பதில்லை என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஆசை இல்லாமலா தம்பி வர்றேன்? ஒரே ஒரு தடவை, தூங்குறவன் அலறியடிச்சு எந்திரிக்கிற மாதிரி அடிச்சுடணும். என்ன பண்றது, கை பழகிப்போச்சு. வீட்டுல வாளியக் கவுத்துப் போட்டு அடிச்சுப் பாக்குறேன். கேக்க உக்காந்த மனுஷன் குறட்டை விடுறாரு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் பாவமாக இருந்தது.

போன சனிக்கிழமை வெல்டரின் மனைவி கைக்குழந்தையோடு வந்திருந்தார். அது வீறிட்டு அழுதது. கை மாறிக் கை மாறி, யாரிடமும் அடங்காமல், கடைசியில் அக்காவின் தோளுக்கு வந்தது. இடக்கையால் நாலு தட்டு. அழுகை விக்கலாகி, விக்கலும் அடங்கி, வாயைப் பிளந்துகொண்டு தூங்கிப்போனது. சொல்லிவைத்த மாதிரி அப்போதுதான் அக்காவின் முறையும் வந்தது.

"நீங்க பிள்ளையப் பாருங்கக்கா. அடுத்தவங்க அடிக்கட்டும்" என்றார் வெல்டர், உதவி செய்கிற நினைப்பில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா டிரம்மை என் பக்கம் தள்ளவில்லை. காலால் இழுத்து முட்டிகளுக்கிடையே இடுக்கிக்கொண்டார்.

"என் முறைதானே? நானே அடிக்கிறேன்."

வலக்கை தலைக்கு மேலே போய் இறங்கியது. காலடியில் கிடந்த நாய் துள்ளியெழுந்து ஓட்டம் பிடித்தது. அடிமேல் அடி. வெல்டர் தாளத்தைப் பிடிக்க முடியாமல் திணறினார். அவர் மனைவி குழந்தையை வாங்கப் பதறியெழுந்தார். அக்கா வேண்டாமென்று தலையை ஆட்டினார். அவரது இடக்கை, காப்பகத்தின் மத்தியான வேகத்தில், தூங்கும் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தது.