கேட்டுட்டு சும்மா இருடி

இன்று தானா ராத்தா மலையூர் பஸ் நிலையத்தில் செல்வியைப் பார்த்தேன், பல வருடம் கழித்து.

பல துறையினர் சேர்ந்து தேயிலைத் தோட்டத்து மண்சரிவை ஆராய்ந்த காலத்தில், மானிடவியலிலிருந்து வந்தவள் அவள். நான் மண் ஆய்வு.

தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் கேள்வியும் கேட்டு, பதிலையும் நானே சொல்லிவிடுவேன். "கேட்டுட்டு சும்மா இருடி, அவங்க பேசட்டும்" என்று காதைக் கடிப்பாள். பதிலுக்கு நான் அவளுக்கு மண் மாதிரி எடுக்கக் கற்றுக்கொடுத்தேன். மழையில் சேறும் சிரிப்புமாகத் திரும்புவோம். ஆய்வு முடிந்ததும் ஆளுக்கொரு ஊர்.

"இப்பவும் எங்க போனாலும் முதல்ல மண்ணத்தான் கசக்கிப் பாக்கறேன்லா" என்றாள்.

பஸ் வந்தது. ஏறும்போது கேட்டாள்: "மறுபடி ஒண்ணா ஏதாச்சும் செய்யலாமா?"

"செய்யலாம்!" என்று கத்தினேன்.

இன்னும் இரண்டு துறைக்கு ஆள் வேண்டும். அட்டைக்கடிக்குப் பயப்படாதவர்கள் கீழே கமெண்டில் பெயர் போடவும்.